நெகட்டிவ் என்றால் நல்லதுதானே, டாக்டர்?

மார்பகப் புற்றுநோய் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் சொன்னதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தாளைப் பற்றியவை. பயாப்சி எடுத்து ஒரு வாரம் கழித்துக் கையில் தருவார்களே, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரி, பக்கத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ், ஏதோ சதவீதம், அந்தத் தாள்தான். நான் அந்தத் தாளை எழுதுகிற இடத்தில், சென்னையில் ஒரு நோய்க்கூறியல் லேபில், பல வருடமாக மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பவள். நாங்கள் பார்ப்பதெல்லாம் கண்ணாடித் தகடுதான், நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் இந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாக, மெதுவாகத்தான் படித்தேன். பெயர்களை எடுத்துவிட்டேன், சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

ஒரு மகள், பெரம்பூர்: அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் 3 செ.மீ. கட்டி, அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. ரிப்போர்ட்டில் ஈ.ஆர். 90%, பி.ஆர். 60%, ஹெர்-2 2+ என்று இருக்கிறது. டாக்டர் ‘ஃபிஷ்’ என்று இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். பெரியப்பாவும் மாமாவும், “முதலில் ஆபரேஷன் செய்து எடுத்துப் போடுங்கள், டெஸ்ட் டெஸ்ட் என்று நாளைக் கடத்தாதீர்கள்” என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருங்கள் அம்மா. ஃபிஷ் ரிசல்ட் வர ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் ஆகும். அதற்குள் நிலைமை தலைகீழாகிவிடாது. ஆனால் அந்த ரிசல்ட் இல்லாமல் கத்தி வைத்துவிட்டால் உங்கள் அம்மா ஒரு நல்ல வாய்ப்பை இழக்கக்கூடும். பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த மூன்று வரி. ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் என்ற பெண் ஹார்மோன்கள் சொல்வதைக் கேட்கிற காது மாதிரி, செல்லின் உட்கருவுக்குள் இருக்கும். நாங்கள் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது, காது இருக்கிற செல்லின் நடுப்புள்ளி பழுப்பாகத் தெரியும். நூறு செல்லில் எத்தனை பழுப்பு என்று எண்ணிப் போடுவதுதான் அந்தச் சதவீதம். ஒரு சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ் என்றுதான் எழுதுவோம், ஈ.ஆர். 1 முதல் 10 வரை என்றால் ‘குறைந்த அளவு பாசிட்டிவ்’ என்று சேர்த்துக் குறிப்பிடுவோம். அம்மாவுக்கு 90 வந்திருக்கிறது என்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை நன்றாக வேலை செய்ய வாய்ப்புள்ள நோய், அது நல்ல செய்தி. மாதவிடாய் நின்றவர் என்பதால் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் வகை மாத்திரைகளைத்தான் பெரும்பாலும் தருவார்கள்.

ஹெர்-2 வேறு சமாச்சாரம். அது செல்லின் வெளிச்சுவரில் இருக்கிற புரதம், அளவுக்கு மீறி இருந்தால் செல்லை ‘பெருகு, பெருகு’ என்று விரட்டிக்கொண்டே இருக்கும். 3+ என்றால் பார்த்தவுடன் தெரியும், ஒவ்வொரு செல்லையும் சுற்றி அழுத்தமான பழுப்புக் கோடு, புள்ளியை விடாமல் சுற்றி வளைத்த சிக்குக் கோலம் போல. 0, 1+ என்றால் கோடே இல்லை, இல்லாவிட்டால் அரைகுறையாக மங்கித் தெரியும். 2+ தான் எங்களுக்கே வம்பு. கோடு இருக்கிறது, ஆனால் மெலிசு. அழுத்தமா இல்லையா என்று இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பேச்சு வரும். அதனால்தான் ஃபிஷ். இருட்டறையில் ஃப்ளோரசன்ட் மைக்ரோஸ்கோப்பில் அந்த மரபணுவையே எண்ணுவோம். ஹெர்-2 மரபணு ஒரு நிறப் புள்ளியாகவும், அது உட்கார்ந்திருக்கிற 17-ஆம் குரோமோசோம் இன்னொரு நிறப் புள்ளியாகவும் மின்னும். வழக்கமாக ஒரு செல்லில் இரண்டுக்கு இரண்டுதான் இருக்கும். பாசிட்டிவ் செல்லில் ஹெர்-2 புள்ளிகள் கொத்தாக, வெடித்துச் சிதறிய மத்தாப்பு மாதிரி கிடக்கும். 2+ வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஃபிஷ் நெகட்டிவாகத்தான் வரும், ஆனால் யாருக்குப் பாசிட்டிவ் வரும் என்று எண்ணாமல் சொல்ல முடியாது.

பாசிட்டிவ் வந்தால் என்ன மாறும்? எல்லாமே மாறும். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற ஊசி வருவதற்கு முன்னால் ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டாக்டர்கள் முகம் வாடும். இன்றைக்கு அந்த ஊசி இருப்பதாலேயே நன்றாகக் குணமாகிற வகைகளில் அதுவும் ஒன்று. 2014-இல் இந்தியாவிலேயே தயாரான அதன் மாற்று வடிவம் விற்பனைக்கு வந்த பிறகு விலையும் இறங்கியிருக்கிறது. 3 செ.மீ. கட்டியும் அக்குள் நெறியும் இருக்கிற ஹெர்-2 பாசிட்டிவ் நோயாளிக்குப் பொதுவாகக் கீமோவையும் ஊசியையும் முதலில் கொடுத்து, கட்டியைச் சுருக்கி, அப்புறம்தான் ஆபரேஷன் செய்வார்கள். கட்டி உடம்பில் இருக்கும்போதுதான் மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும். ஆபரேஷனில் நோய் மிச்சம் இருந்தால், அடுத்து அதைவிட வீரியமான ஊசிக்கு மாற்றலாம் என்ற முடிவும் அதிலிருந்துதான் வருகிறது. முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் இந்தத் தகவல் போயிற்று.

செலவு பற்றியும் எழுதியிருந்தீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், பணம் கட்டும் முன் மருத்துவமனையிலேயே அந்தத் திட்டத்துக்கென்று உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, இந்த மூன்று இடத்திலும் விசாரியுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வாசகி, வேளச்சேரி: வயது 34, ஐ.டி. வேலை, ஒரு பெண் குழந்தை. ரிப்போர்ட்டில் மூன்றும் நெகட்டிவ் என்று பார்த்ததும் என் கணவர் ‘அப்பாடா’ என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் ‘டிரிபிள் நெகட்டிவ்’ என்றால் மோசம், மருந்தே கிடையாது என்று படித்தேன். நெகட்டிவ் என்றால் நல்லதுதானே, டாக்டர்?

தங்கச்சி, உங்கள் கணவர் சொன்ன ‘அப்பாடா’வைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொரோனா காலத்தில் நெகட்டிவ் என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாகப் பழகியவர்கள் நாம், அவர் மேல் என்ன தப்பு. தாளைக் கொடுக்கிறவர்கள் ஒரு வரி விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தத் தாளில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது நல்லது கெட்டது பற்றியதே இல்லை. மருந்துக்கு எங்கே பிடி இருக்கிறது என்பதுதான் கேள்வி. மூன்றும் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரைக்கும் ஹெர்-2 ஊசிக்கும் பிடி இல்லை, அவ்வளவுதான். மருந்தே கிடையாது என்று படித்தது தவறு, அதை மனசிலிருந்து எடுத்துப் போடுங்கள். வேகமாகப் பெருகுகிற செல்களைத்தான் கீமோ நன்றாகத் தாக்கும், இந்த வகை வேகமாகப் பெருகுவது. கீமோவை முதலில் கொடுத்து அப்புறம் ஆபரேஷன் செய்து எடுத்த மார்புத் திசுவை எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். பல சமயம் கட்டி இருந்த இடத்தில் தழும்பு மாதிரி நார்த்திசு மட்டும் இருக்கும், எத்தனை துண்டு வெட்டிப் பார்த்தாலும் ஒரு புற்றுச் செல்கூட இருக்காது. அந்த ரிப்போர்ட்டை எழுதுகிற நாள் எனக்கு நல்ல நாள். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியோ நெறியோ உள்ள டிரிபிள் நெகட்டிவ் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், கீமோ மட்டும் பெற்றவர்களில் சுமார் 51 சதவீதம் பேருக்கும், பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புசக்தி ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 65 சதவீதம் பேருக்கும் இப்படி முழுசாக மறைந்தது. அந்த ஊசியின் விலை நம் குடும்பங்களுக்குப் பெரும் பாரம் என்று தெரியும். உதவித் திட்டம் இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டாலும் கீமோ மட்டுமே பாதிப் பேருக்கு என்ன செய்திருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்த வகை திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று, ஐந்து வருடத்துக்குள் வந்துவிடும், அதைத் தாண்டினால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஈ.ஆர். பாசிட்டிவ் நோயோ பத்து, பதினைந்து வருடம் கழித்தும் தலைகாட்டக்கூடியது.

முதல் கீமோவுக்கு முன்னால் இரண்டு விஷயம். ஒன்று, பரம்பரையாக மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரவைக்கிற கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிற பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை. ரத்தத்தில் எடுப்பதுதான். அதில் கோளாறு இருந்தால் ஆபரேஷன் எப்படி, ஓலாபரிப் என்ற மாத்திரை தேவைப்படுமா, சினைப்பையைக் கண்காணிக்க வேண்டுமா, எல்லாம் அதைப் பொறுத்தது. அக்கா தங்கை, அண்ணன் தம்பிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இரண்டு, இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றி இப்போதே கேளுங்கள், இரண்டு வாரத்தில் முடிகிற காரியம். கீமோ தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

கணவர், தாம்பரம்: மனைவிக்கு 45 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ‘கேன்சர் மார்க்கர்’ என்று சி.ஏ. 15-3 எடுத்தார்கள். 38 வந்திருக்கிறது, எல்லை 30 என்று போட்டிருக்கிறது. கட்டி எதுவும் இல்லை. மூன்று நாளாக வீட்டில் யாரும் தூங்கவில்லை. உடம்பு முழுக்கப் பார்க்கிற பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

வேண்டாம் சார். இந்தக் கடிதத்தைப் படித்தபோது வந்த கோபம் உங்கள் மேல் இல்லை, அந்த டெஸ்டைப் பேக்கேஜில் சேர்த்தவர்கள் மேல். மார்க்கர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சமாச்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை நான் சொன்னவை கட்டியின் சதையிலேயே பார்ப்பவை, அவை இல்லாமல் சிகிச்சையே தொடங்கக் கூடாது. சி.ஏ. 15-3, சி.இ.ஏ. போன்றவை ரத்தத்தில் பார்ப்பவை. புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அவை உதவாது. கல்லீரல் கோளாறு, மார்பில் சாதாரணக் கட்டி, சினைப்பைக் கட்டி, இப்படி எத்தனையோ காரணத்தால் சி.ஏ. 15-3 ஏறும். சி.இ.ஏ. புகை பிடிப்பவர்களுக்கே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதைவிட ஆபத்து மறுபக்கம்: ஆரம்ப நிலையில் மார்பகப் புற்றுநோய் உள்ள பலருக்கு இந்த எண் நார்மலாகவே இருக்கும். ‘மார்க்கர் நார்மல்’ என்று நம்பி, கையில் தட்டுப்பட்ட கட்டியைக் காட்டாமல் விட்டவர்களின் பயாப்சி எங்களிடம் வருகிறது. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

உங்கள் மனைவியை ஒரு மார்பக சர்ஜனிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ அழைத்துப் போய்க் கையால் பரிசோதிக்கச் சொல்லுங்கள், மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, ஒன்று எடுங்கள், 45 வயதில் அது எப்படியும் எடுக்க வேண்டியதுதான். எண்ணையும் அவரிடமே காட்டுங்கள், கல்லீரல் டெஸ்ட் மாதிரி வேறு ஏதாவது தேவையா என்று அவர் சொல்வார். கைப் பரிசோதனையும் மேமோகிராமும் சரியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். நோய் வேறு உறுப்புக்குப் பரவியவர்களுக்கு, மருந்து கேட்கிறதா என்று ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்க இந்த ரத்த டெஸ்ட் உதவும். அங்கேயும் புது மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் எண் ஏறிவிட்டு இறங்குவது உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து மருந்தை மாற்ற மாட்டார்கள். சிகிச்சை முடிந்து நன்றாக இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற வழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. அதற்கும் அவசியம் இல்லை.

வாசகி, மயிலாப்பூர்: எனக்கு ஈ.ஆர். பாசிட்டிவ். பால், சோயா எல்லாம் நிறுத்தச் சொல்கிறார்கள்.

வழக்கமாகச் சாப்பிடுகிற அளவில் இரண்டுமே தொந்தரவு இல்லை. காப்பியை விட்டுக் கஷ்டப்பட வேண்டாம். சோயாச் சத்து மாத்திரை, ‘ஹார்மோனைச் சீராக்கும்’ என்று விற்கிற பொடி, இவற்றை மட்டும் தொடாதீர்கள்.

ஆசிரியை, அம்பத்தூர்: வயது 44. ஆபரேஷன், கீமோ முடிந்து இரண்டு வருடமாகத் தமோக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிட்டேன். வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, புடவை நனைந்துவிடுகிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இரண்டு மாதமாக நிறுத்திவிட்டேன். நோய்தான் போய்விட்டதே?

எனக்காவது சொன்னீர்களே டீச்சர், நல்லது. இனி உங்கள் டாக்டரிடமும் இதே மாதிரி மறைக்காமல் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நோயைத் தூண்டுவது சினைப்பை ஹார்மோன் என்று தெரியாத காலத்திலேயே, 1895-96 வாக்கில், கிளாஸ்கோவில் பீட்ஸன் என்ற சர்ஜன் முற்றிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்த்தார், கட்டி சுருங்கியது. ஆனால் எல்லோருக்கும் சுருங்கவில்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்குப் பல பத்தாண்டு கழித்துக் கிடைத்த பதில்தான் உங்கள் தாளில் இருக்கிற ஈ.ஆர். என்ற இரண்டு எழுத்து. அன்று கத்தி செய்ததை இன்று உங்கள் மாத்திரை செய்கிறது. ஐந்து வருடம் சாப்பிட்டால், அடுத்து வரும் வருடங்களையும் சேர்த்து 15 ஆண்டுக் கணக்கில் இந்த நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குப் பத்து வருடம் வரை நீட்டுவார்கள். ஆபரேஷனும் கீமோவும் கண்ணுக்குத் தெரிந்த நோயை எடுத்தன, தெரியாமல் எங்கேயாவது ஒளிந்திருக்கிற ஒன்றிரண்டு செல்லுக்குத்தான் இந்த மாத்திரை.

கொதிப்புக்கு வழி இருக்கிறது. வென்லாஃபாக்ஸின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் தருவார்கள், பலருக்குக் கேட்கிறது. நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், ஏனென்றால் அதே வேலைக்குத் தருகிற பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் இரண்டும் தமோக்ஸிஃபெனின் வீரியத்தைக் குறைக்கக்கூடியவை. மாத்திரையே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வகைக்கு மாற்றவும் வழி உண்டு. திடீரென்று ஒரு கால் வீங்கி வலித்தாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ அன்றைக்கே காட்டுங்கள். கொதிப்புக்காக நிறுத்த வேண்டாம்.

தம்பி, பழைய வண்ணாரப்பேட்டை: அண்ணிக்கு ஊசி பயாப்சியில் ஈ.ஆர். நெகட்டிவ் என்று வந்தது. நேராக ஆபரேஷன் செய்தார்கள். எடுத்த கட்டியை வேறு லேபில் பார்த்ததில் ஈ.ஆர். 70% பாசிட்டிவ் என்கிறார்கள். யாரை நம்புவது?

நியாயமான கேள்வி தம்பி. கட்டியின் ஒரு மூலையும் மறு மூலையும் வேறாக இருப்பது உண்டு, ஊசியில் வருவது நூல் கனத்துக்கு ஒரு துண்டுதான். ஆனால் நெகட்டிவுக்கும் 70-க்கும் இடையே இவ்வளவு தூரம் என்றால் என் சந்தேகம் முதலில் பாட்டில் மேல்தான் போகும்.

எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள், அது கெடாமல் காக்கிற 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும், குறைந்தது 6 மணி நேரம், கூடினால் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். தாமதமானாலோ குறைந்தாலோ கூடினாலோ ஈ.ஆர். அழிந்துபோகலாம், பிறகு நாங்கள் என்ன சாயம் ஏற்றினாலும் வராது. ஒரு மே மாதத் திங்கட்கிழமை எங்களுக்கு ஒரு பாட்டில் வந்தது, சனிக்கிழமை எடுத்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஆட்டோவில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூடியைத் திறந்தால் ஃபார்மலின் நெடியே இல்லை, சலைனில், அதாவது வெறும் உப்புநீரில், போட்டிருக்கிறார்கள். சதை சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. அந்த அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடியது.

அண்ணி விஷயத்தில் செய்ய வேண்டியது: முதல் பயாப்சியின் பாரஃபின் பிளாக்கை, அதாவது சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை, அந்த லேபில் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுத்தால் தருவார்கள். அதையும் ஆபரேஷன் பிளாக்கையும் ஒரே இடத்தில் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவர் கட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற நோயில்லாத பால்குழாய்களையும் பார்ப்பார். அந்தச் செல்களில் சிலவற்றுக்காவது இயல்பாகவே ஈ.ஆர். இருக்கும். அவையும் வெள்ளையாகக் கிடந்தால் முதல் டெஸ்ட் சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். நம்பகமான ஒரு ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று உறுதியானால் ஹார்மோன் மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

பிளாக்கை வாங்கிக்கொண்டு வரும்போது கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு அறுபது டிகிரி வாக்கில் உருகிவிடும், வெயிலில் பூட்டிய காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

வாசகி, குரோம்பேட்டை: நாத்தனாருக்கு ஆறு வருடம் கழித்து எலும்பில் வந்திருக்கிறது. பழைய ரிப்போர்ட் இருக்கிறதே, ஏன் மறுபடி பயாப்சி?

நோய் இடம் மாறும்போது குணமும் மாறலாம், பாசிட்டிவாக இருந்தது நெகட்டிவாகலாம், மறுதலையும் நடக்கும். எடுக்க முடிகிற இடத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஹெர்-2 முன்பு 1+ என்று இருந்ததால் ‘நெகட்டிவ்’ என்று மூடிவைத்திருப்பார்கள், அதையும் தேடி எடுத்துக் காட்டுங்கள். பரவிய நோயில் 1+ மற்றும் ஃபிஷ் நெகட்டிவான 2+ உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்து பலன் தருவது 2022-இல் தெரியவந்தது. விலை மிக அதிகம், 2024 பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கிய பிறகும். முதல் மருந்தாகவே அதைத் தர மாட்டார்கள், ஆனால் பட்டியலில் இருக்கட்டும்.

வாசகர், வயது 61, திருவொற்றியூர்: எனக்கு வலது காம்புக்குப் பின்னால் கட்டி. பயாப்சியில் மார்பகப் புற்றுநோய், ஈ.ஆர். பாசிட்டிவ். வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆண்களுக்கும் அதே மருந்துதானா?

ஐயா, அதே மூன்று டெஸ்ட், அதே கணக்கு. ஆண்களுக்கு வருவதில் பெரும்பாலானவை ஈ.ஆர். பாசிட்டிவ்தான், தமோக்ஸிஃபென்தான் முதல் மாத்திரை. ஹெர்-2 வரியையும் பாருங்கள், அது விட்டுப்போயிருந்தால் கேட்டு வாங்குங்கள். கூச்சத்தில் இரண்டு மாதம் காட்டாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், இனி ஒரு நாளும் தள்ள வேண்டாம். ஆண்களுக்கு வந்தால் பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை கட்டாயம் கேட்க வேண்டும், முக்கியமாக பி.ஆர்.சி.ஏ.-2 என்ற இரண்டாம் வகை. உங்களுக்கு இரண்டு மகள்கள் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அவர்களை இந்த வாரமே வீட்டுக்கு வரச் சொல்லி, தாளைக் காட்டிப் பேசுங்கள்.